கிரீஸ் அடிக்கிற ஞாயிறு

வண்டிக்கு அடியில படுத்துட்டா ஊரு வெறும் காலாத்தான் தெரியும். பால் ஊத்துற மொக்கச்சாமியோட பித்தவெடிப்பு போகுது, சர்ச்சுக்குக் கிளம்பின டீச்சரோட வெள்ளைச் செருப்பு போகுது, ஒரு சைக்கிள் டயரு, அப்புறம் ஒரு கோழி. கோழி மட்டும் நின்னு குனிஞ்சு என் மூஞ்சியைப் பாக்குது. என்ன பாக்குற, ஊரே பாத்துப் பழகிருச்சு, நீயும் பழகிக்க. முதுகுக்குக் கீழ சாக்கு விரிச்சிருக்கேன், அதையும் மீறி ஒரு கல்லு விலாவுல குத்துது, எடுத்துப் போடலாம்னா கை ரெண்டும் கிரீஸு. குத்தட்டும். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் விடியக்கருக்கல்ல பொம்பளையாளுகளை ஜீப்புல ஏத்திக்கிட்டு ஏலத்தோட்டத்துக்கு மலையேறுறது, பொழுது சாயக் கொண்டாந்து இறக்கி விடுறது, அதான் என் பொழப்பு. ஞாயித்துக்கிழமை வண்டிக்கு. எனக்கில்ல, சாமிக்கில்ல, வண்டிக்கு. இந்தப் போடி மலையடிவாரத்துல இத்தனை ஜீப்பு நிக்குது, இத்தனை டிரைவர் இருக்கான், எவனாவது ஞாயித்துக்கிழமை ஷாஃப்ட்டைக் கழட்டிப் பாக்குறானா. என்னைப் பாத்துத்தான் சிரிக்கிறானுக. லோகமணி வண்டிக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுறாடா, சாம்பிராணி போட்டு விடு தாயின்னு ஸ்டாண்டுல ஒருத்தன் சொன்னான். போடுவேன். போடணும்னா அதையும் போடுவேன், ஒனக்கென்ன.

முன் ஷாஃப்ட் முடிஞ்சது. எஞ்சின் சுத்துறதை முன் சக்கரத்துக்குக் கொண்டு போக ஒரு ஷாஃப்ட், பின் சக்கரத்துக்குக் கொண்டு போக ஒரு ஷாஃப்ட், நாலு சக்கரமும் இழுக்குற வண்டின்னா இந்த ரெண்டும் இருந்தாத்தான். ஒவ்வொண்ணும் ஒத்தைத் தடி இல்ல, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகின ரெண்டு துண்டு. உள்துண்டு மேல முருங்கைக்காய் வரி மாதிரி நீளவாக்குல பல்லு, வெளிக்குழாய்க்குள்ள அந்தப் பல்லு போயி உக்கார்ற பள்ளம். வண்டி குழியில இறங்குனா ஷாஃப்ட் நீளும், மேடு ஏறுனா சுருங்கும், நீண்டுக்கிட்டும் சுருங்கிக்கிட்டுமே சுத்தணும், அந்தப் பல்லுதான் அத்தனை பேரையும் இழுக்குது. பல்லுக்கு நடுவுல கிரீஸ் இருந்தா வெண்ணெயில விரல் விட்ட மாதிரி போகும். கிரீஸ் காஞ்சு மண்ணும் தண்ணியும் சேந்துச்சுன்னா இரும்பு இரும்பைத் தின்னும். சத்தமில்லாமத் தின்னும். எங்க வீட்டுக்காரரு பவுன்ராஜ்கிட்ட ஒருநாள் இதையெல்லாம் சொன்னேன், அவரு ஏலக்காய் உலர்த்துற ஸ்டோர்ல ராவெல்லாம் அடுப்புக்கு விறகு தள்ளிட்டு வந்து புகை வாசத்தோட சோறு தின்னுக்கிட்டிருந்தாரு, எல்லாத்தையும் கேட்டுட்டு, புருஷன் பொண்டாட்டி மாதிரின்னு சொல்லுன்னாரு. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல, இது இரும்பு, சும்மா சாப்பிடுங்கன்னேன். எதைச் சொன்னாலும் எதையாவது மாதிரின்னு சொல்லிட்டா அதோட மறந்து போயிரலாம்னு நெனைக்கிறாங்க. இது எது மாதிரியும் இல்ல. இது பல்லு, அது பள்ளம், நடுவுல கிரீஸ். அவ்வளவுதான், அந்த அவ்வளவைத்தான் அன்னைக்கு ஒருத்தரும் பாக்கல.

பின் ஷாஃப்ட். கழட்டுறதுக்கு முந்தி ரெண்டு துண்டுலயும் சாக்பீஸ்ல கோடு போடணும், திரும்ப மாட்டையில அதே பல்லு அதே பள்ளத்துல உக்காரணும், ஒரு பல்லு மாறிப் போனாலும் வண்டி நடுங்கும். கோடு போட்டேன். போல்ட்டு இறுகிக் கெடக்கு. ஸ்பேனரை மாட்டி உள்ளங்கையால ஒரு தட்டு, இன்னொரு தட்டு, எடது காலை ஊணி எம்பணும், எடது கால்லதான் கம்பி வச்சிருக்கு, குளிருக்கு அது தனியா ஒரு ஆளு மாதிரி வலிக்கும். வலி. நானும் எம்புறேன். வந்துருச்சு. இந்தக் கம்பி வச்ச டாக்டரு சொன்னாரு, இனி மலைச்சரிவுல நின்னு காய் எடுக்க முடியாதும்மா, வீட்டுல உக்காந்து பாக்குற வேலை ஏதாவது பாருங்கன்னு. உக்காந்து பாக்குற வேலைதான் பாக்குறேன் டாக்டரே, டிரைவர் சீட்டுல உக்காந்து. கம்பத்துல இருக்க எங்கண்ணன் ஓட்டக் கத்துக் குடுத்தான், கழுத்துல காதுல கெடந்ததைப் போட்டு எஸ்டேட்டுக்காரன் கழிச்சு விட்ட இந்த ஜீப்பை வாங்குனோம், ஊரு சொல்லுச்சு, விழுந்த பயத்துல வீட்டுல கெடப்பான்னு பாத்தா ஸ்டியரிங்கைப் புடிச்சிருக்காளே. நான் வேற எதைப் புடிக்கிறது. அடுத்தவன் புடிச்சிருக்கையில பின்னாடி உக்காந்திருந்தேன்ல, பாத்தேன்ல.

கரடிப்பாறை ஏத்தம். வேண்டாம், இப்ப வேண்டாம், போல்ட்டைப் பாரு, ரெண்டாவது போல்ட்டு. நெனைக்க மாட்டேன்னு சொன்னாத்தான் வரும் அது, வழியிலயே உக்காந்திருக்க நாய் மாதிரி, சரி வா. மழை விட்டு ஒரு வாரம் இருக்கும், தடம் ஈரம். நாங்க எல்லாம் முழங்கால் இடிக்க உக்காந்திருந்தோம், பஞ்சவர்ணம் பின்கதவை ஒட்டிக் கடைசியில, அவளுக்கு அந்த எடம்தான் வேணும், காத்து வரும்பா. அவ என் ஜோடி. ஏலத்தோட்டத்துல ரெண்டு ரெண்டு பேராத்தான் நிரை புடிச்சுக் காய் எடுக்குறது, ஒரு செடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததுல இருந்து அவ முகத்தை இலைக்கு நடுவுல பாத்துப் பாத்துத்தான் எனக்குப் பகல் போச்சு, பவுன்ராஜ் முகத்தைக் கூட அவ்வளவு பாத்ததில்ல. அன்னைக்கு ஏதோ அவ மகளைப் பத்திச் சொல்லிக்கிட்டு வந்தா. நான் என்ன சொன்னேன்னா அவகிட்டன்னு ஆரம்பிச்சா. அப்பத்தான் எஞ்சின் கத்துச்சு. வண்டி ஏறுறப்பக் கத்துற கத்தல் இல்ல அது, பாரம் கழண்ட கத்தல், எஞ்சின் அது பாட்டுக்குச் சுத்துது, சக்கரம் சுத்தல. ஒரு நிமிஷம் வண்டி அப்படியே நின்ன மாதிரி இருந்துச்சு, ஒரு நிமிஷம் கூட இருக்காது, மூச்சு இழுத்து விடாத நேரம், அப்புறம் பின்னால போக ஆரம்பிச்சிருச்சு. வண்டி ஓட்டுன சுருளிவேல் பிரேக்கை மிதிக்கிறான், ஈரத் தடத்துல சக்கரம் வழுக்குது, ஹேண்ட் பிரேக்கை இழுக்குறான். அந்த வண்டியில ஹேண்ட் பிரேக் புடிக்கிறதே அந்த ஷாஃப்ட்டோட தலையைத்தான், பல்லு போன ஷாஃப்ட்டோட தலையைப் புடிச்சா சக்கரம் நிக்குமா. கதவைத் திறந்து குதிச்சுட்டான். நாங்க எங்கிட்டுக் குதிக்கிறது. பஞ்சவர்ணமும் எங்க கூட வந்த மருதாயிக் கிழவியும் அங்கயே போயிட்டாங்க. நான் என்ன சொன்னேன்னா அவகிட்ட. என்ன சொன்ன, அவ மகளுக்கே தெரியல, நான் கேட்டுப் பாத்தேன், எங்கம்மா அன்னைக்குக் காலையில எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே சித்திங்குது புள்ளை. என்னத்தைத்தான் சொல்ல வந்தா.

மூணாவது போல்ட்டு. விதின்னாங்க. அவ நேரம்னாங்க. பொம்பளையாளுக பாரம் சாஸ்தின்னு சுருளிவேல் போலீஸ்கிட்டச் சொன்னான், நாங்க பாரமாம், வேலைக்குக் கூட்டிப் போறப்ப ஆளு, விழுந்தா பாரம். கக்கத்துல கட்டையை ஊணிக்கிட்டு நானே போடிக்குப் போயி ஒர்க்ஷாப் மூலையில கெடந்த அந்த வண்டியைப் பாத்தேன். முன் ஷாஃப்ட்டே இல்ல, டீசல் சாஸ்தி குடிக்குதுன்னு எப்பவோ கழட்டி வீட்டுல போட்டிருக்கான், நாலு சக்கர வண்டியை ரெண்டு சக்கரத்துல மலையேத்தியிருக்கான். பின் ஷாஃப்ட் ரெண்டாப் பிரிஞ்சு கெடந்துச்சு, குழாய்க்குள்ள விரலை விட்டுப் பாத்தேன், பல்லும் பள்ளமுமா இருக்க வேண்டிய எடம் வழுவழுன்னு இருக்கு, கெழவி வாய் மாதிரி, சே, மாதிரி வேணாம், வழுவழுன்னு இருந்துச்சு. விரல்ல கிரீஸ் ஒட்டல. செகப்பாத் தூள்தான் ஒட்டுச்சு. கேஸ் எழுதுன ஏட்டுக்கிட்ட விரலைக் காட்டுனேன், நீங்க மெக்கானிக்காம்மான்னு கேட்டாரு. இல்ல சார், அந்த வண்டியில போன ஆளுன்னேன். சுருளிவேல்கிட்டயும் காட்டுனேன். செத்தவ திரும்பியா வரப்போறா லோகு, விடுன்னான். அவனை முழுசா வெறுத்துத் தொலைக்கவும் முடியல. ஆஸ்பத்திரியில நான் கெடந்த அத்தனை நாளும் பன்னும் பாலும் வாங்கிட்டு வந்து வாசல்ல நின்னான், உள்ள வர மாட்டான், நர்ஸுகிட்டக் குடுத்து விடுவான். பஞ்சவர்ணம் மகளை இன்னைக்கும் அவன்தான் படிக்க வைக்கிறான். விதின்னு சொன்னாத்தான் அவனுக்குத் தூக்கம் வருது. தூங்கட்டும். ஆனா அது விதி இல்ல. நான் தொட்டுப் பாத்தேன். தொட்டுப் பாத்தவகிட்ட வந்து யாரும் விதின்னு சொல்லக்கூடாது.

கடைசி போல்ட்டும் கழண்டு ஷாஃப்ட் என் நெஞ்சு மேல இறங்குறப்ப ஒரு ஜீப் வந்து ரோட்டோரம் நின்ன சத்தம், அப்புறம் செருப்பு. வலது பெருவிரல் நகம் ரெண்டாப் பிளந்து வளந்திருக்கும், அன்னைக்குக் குதிச்சதுல நசுங்கினது. நகத்தைப் பாத்தாலே போதும், சுருளிவேல். இப்ப அவன் வண்டி ஓட்டுறதோட சரியில்ல, எந்தத் தோட்டத்துக்கு எந்த ஜீப்பு எத்தனை ஆளுன்னு சொல்றதே அவன்தான். "லோகு, வெளிய வா" ங்கிறான். "மழை வருதாம், காய் வெடிச்சுப் போகும்னு தோட்டத்துல இருந்து போன். இன்னைக்கு எடுத்தே ஆகணுமாம், ரெட்டைக் கூலி. உன் ஆளுகளையும் வரச் சொல்லிட்டேன்." என்னைக் கேக்காமயா. "ஞாயித்துக்கிழமை என் வண்டி மலைக்குப் போறதில்லண்ணே, ஒங்களுக்குத் தெரியாததா" ன்னேன். "இன்னைக்கு ஒருநாள்தான தங்கச்சி. போன வாரந்தான அடிச்ச, ஒரு வாரத்துல என்ன தேஞ்சிரப் போகுது." அந்த நகம் மண்ணைக் கிண்டுது. ஒரு வாரம். கரடிப்பாறைக்கு மேல இப்ப ஓடையில முழங்கால் தண்ணி ஓடுது, தினமும் ரெண்டு தடவை அதுல இறங்கி ஏறுறேன், ஒரு வாரத்துல என்ன தேயும்னு ஓடைகிட்டக் கேளு.

அதுக்குள்ள அவங்க வந்துட்டாங்க. மெட்டி போட்ட கால், மெட்டி தேஞ்ச கால், தூக்குவாளியோட அடிப்பாகம் ஆடுது, பிளாஸ்டிக் செருப்பு ரெண்டு செட்டு ஒரே கலரு, செல்வராணியும் அவ நாத்தனாளும் சந்தையில சேந்து வாங்கினது. ராமுத்தாயக்கா குரல் மேல இருந்து வருது. "ஏத்தா, ரெட்டைக் கூலியாம்ல. கிளம்பிருவமா?" செல்வராணி காலு நிலையா நிக்கல. அவ வீட்டுக் கூரை எனக்குத் தெரியும், அடைமழைக்கு முந்தி ஓடு மாத்தலேன்னா இந்த வருஷம் புள்ளைகளை வச்சுக்கிட்டு எங்க படுப்பா. இவங்கள்லாம் என்னை நம்பித்தான் என் வண்டியில ஏறுனாங்க. மத்த வண்டியெல்லாம் விட்டுட்டு, டிரைவருக கேலி பண்ணப் பண்ண, லோகு வண்டியிலதான் ஏறுவோம்னு நின்னாங்க. அவங்க ரெட்டைக் கூலியைத் தட்டி விடுறதுக்கு நான் யாரு. என் பயத்துக்கு அவங்க ஏன் கூலியை விடணும். போன வாரம் அடிச்சேன், அதுக்கு முந்தின வாரமும் அடிச்சேன், ஒருநாள் தாங்காதா. தாங்கும். "செத்த பொறுங்கக்கா, இதை மாட்டிட்டு வந்துர்றேன்" னு என் வாயே சொல்லிருச்சு. மேல ஒரு பெருமூச்சு. சுருளிவேல் பீடி பத்த வைக்கிற வாசம் வந்துச்சு.

சும்மா துடைச்சு, மேலாப்புல கிரீஸைத் தடவி மாட்டிருவோம், பிரிச்சுப் பாக்க வேணாம், போயிட்டு வந்து ராத்திரி பிரிச்சுக்கலாம். துணியை எடுத்து ஷாஃப்ட்டோட கழுத்தைத் துடைக்கிறேன். தூசி உள்ள போகாம இருக்க அங்க ஒரு மூடி இருக்கும், அது ஓரத்துல கிழிஞ்சிருக்கு. சரி, கிழியத்தான் செய்யும். துணியைத் திருப்புனேன். துணியில செகப்பு. கிரீஸோட கறுப்பு இல்ல, செங்கல் தூளைத் தண்ணியில கொழைச்ச செகப்பு. இல்ல, அது துரு, ஓடைத் தண்ணி, மேலாப்புலதான் இருக்கும். துடைச்சேன். இன்னும் செகப்பு. மாட்டிரு லோகு, மாட்டிரு, நீ ஒண்ணும் பாக்கல. என் கை என்னைக் கேக்கவே இல்ல. எடது கை ஒரு துண்டைப் புடிச்சுக்கிச்சு, வலது கை இன்னொண்ணை முறுக்குச்சு. டக். சின்னச் சத்தம், விரல் சொடக்கு விட்ட அளவுதான். திருப்பி முறுக்குனேன். டக். ஆடுது. இதுல ஆட்டமே இருக்கக் கூடாது. போன வாரம் இருந்துச்சா. போன வாரம் நான் பிரிக்கல, கிரீஸை உள்ள தள்ளுற கன்னை வச்சு அடிச்சேன், மறுபக்கம் கிரீஸ் பிதுங்குச்சு, நல்லாப் போகுதுன்னு நெனைச்சேன், கிழிஞ்ச மூடி வழியாப் பிதுங்கியிருக்கு, பல்லுக்குப் போகவே இல்ல. உருவிப் பாத்தேன். பல்லு இருக்கு, ஆனா ஒரு பக்கமா மெலிஞ்சு ஓரம் கத்தியாட்டம் நிக்குது. இன்னும் எத்தனை நாள் தாங்கும். ஒரு மாசம் தாங்கலாம். இன்னைக்கே போகலாம். அடிச்சும் தேயுது பாரு. தேயிறது இரும்போட கொணம், அதை நான் நிப்பாட்ட முடியாது, பாக்கத்தான் முடியும். பாத்துட்டேனே. இப்ப என்ன செய்ய. எஞ்சின் கத்துது, எந்த எஞ்சினும் ஓடல, ஆனா கத்துது, காதுக்குள்ள, பல்லுக்குள்ள, காலுக்குள்ள இருக்க கம்பியில. வாயில இரும்பு ருசி. யாரும் பாக்கல, கோழி கூடப் போயிருச்சு, எனக்கும் இந்த ஷாஃப்ட்டுக்கும் மட்டுந்தான் தெரியும். சுருளிவேலுக்கும் இப்படித்தான் ஒருநாள் ஒரு டக் கேட்டிருக்குமோ. ஏத்தத்துல கியர் மாத்துறப்ப, கால்ல ஒரு தட்டு தட்டுன மாதிரி. இன்னைக்கு ஒருநாள்னு அவனும் நெனைச்சிருப்பான். அவன் கெட்டவன் இல்லையே. கெட்டவனா இருந்தா எனக்கு எவ்வளவு லேசு.

வெளிய ஊர்ந்து வந்தேன். வெயிலு கண்ணைக் குத்துது, எல்லாருக்கும் திடீர்னு உடம்பும் முகமும் வந்துருச்சு. "வண்டி போகாதுக்கா. பல்லு தேஞ்சிருக்கு. இன்னைக்கும் போகாது, புதுசு வாங்கி மாட்டுற வரைக்கும் நாளைக்கும் போகாது." ராமுத்தாயக்கா என் கையில இருந்த துணியைப் பாத்தாங்க. செல்வராணி மூஞ்சி சுண்டிப் போச்சு, அழுகிற மாதிரி இல்ல, கோவம், அந்தக் கோவத்துல ஞாயம் இருக்கு. சுருளிவேல் பீடியைக் கீழ போட்டு மிதிச்சான். "நான் சொல்றேன், இவளுக்குப் பயம். அன்னையில இருந்து பயம் புடிச்சுக்கிச்சு. பயந்தவ வண்டி ஓட்டக் கூடாது, அதான் விசயம்" னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னான். பதிலு எனக்குள்ள எத்தனையோ நாளா இருந்திருக்கும் போல, தேடவே வேண்டி இல்ல. "ஆமாண்ணே, பயந்தான். பயமில்லாத ஆளு ஓட்டுன வண்டியில ஒருதடவை ஏறிட்டேன், அது போதும்." அவன் மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு, நான் அவனை அடிக்கத்தான் அதைச் சொன்னேன், பட்டுருச்சு, பட்டதும் எனக்கு ஒண்ணும் இனிக்கல, ஆனா திரும்ப எடுத்துக்கவும் மனசு வரல. இருக்கட்டும். அதை அங்கயே வச்சிருக்கட்டும்.

அவன் தொண்டையைச் செருமிக்கிட்டு, "சரி, என் வண்டி நிக்குது. வாரவுக ஏறுங்க. நாளையில இருந்து இவ வண்டிக்கு ஆள் கெடையாது, நான் பாத்துக்கிறேன்" ன்னான். செல்வராணி என்னைப் பாத்தா, தரையைப் பாத்தா, தூக்குவாளியை எடுத்துக்கிட்டு அவன் ஜீப்பைப் பாத்து நடந்தா. நாத்தனா பின்னாலயே போனா. இன்னும் ரெண்டு பேரு. போகாதீங்கன்னு எந்த வாயால சொல்றது, அவ கூரைக்கு நான் ஓடு போடுவேனா. ராமுத்தாயக்கா போகவும் இல்ல நிக்கவும் இல்ல, நடுவுல ஒரு கல்லு மேல உக்காந்துட்டாங்க. "நீ உன் வண்டியில இதைக் கடைசியா எப்பப்பா பிரிச்சுப் பாத்த?" ன்னு உக்காந்த எடத்துல இருந்தே சுருளிவேல்கிட்டக் கேட்டாங்க, சண்டைக்குக் கேக்குற மாதிரி இல்ல, பஸ்ஸு எப்ப வரும்னு கேக்குற மாதிரி. அவன் வண்டியைப் பாத்தான். "நல்லாத்தான ஓடுது" ன்னான். "அது கேக்கல. எப்பப் பாத்தன்னு கேட்டேன்." அவன் சட்டைப் பையில சாவியைத் தேடுனான். செல்வராணி ஏறிக் கடைசியில உக்காந்துட்டா, பின்கதவை ஒட்டி. அந்த எடத்துல. அவ காத்துக்காக உக்காரல, எடம் அங்கதான் இருந்துச்சு. பத்திரமா போயிட்டு வான்னு சொல்லிட்டு நான் வீட்டுக்குள்ள போயிரலாம். கையைக் கழுவிட்டு, சோத்தை வடிச்சுட்டு, பொழுது சாயுற வரைக்கும் அந்த வண்டிச் சத்தத்துக்குக் காது வச்சுக்கிட்டுக் கெடக்கலாம். முடியாது. என் வண்டியை நான் நிறுத்தி வச்சுட்டேன்னு பெருமையா வச்சுக்கிட்டு அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்க என்னால முடியாது.

கிரீஸ் கன்னை எடுத்துக்கிட்டு அவன் ஜீப்புக்கு நடந்தேன். சாக்கை உதறி விரிச்சேன். கால் ரெண்டையும் நீட்டி உள்ள போனேன். "ஏ லோகு, என்ன பண்ற, வெளிய வா" ங்கிறான். "சாவியைக் கையில வச்சுக்கங்கண்ணே. நான் அடியில கெடக்கேன். எடுக்குறதுன்னா எடுங்க." மேல சீட்டுல பொம்பளையாளுக கிசுகிசுன்னு பேசுறது தகரத்துக்கு மேல கேக்குது, ஒருத்தி சிரிச்சுட்டா, பயத்துல வர்ற சிரிப்பு. என் மூஞ்சிக்கு நேரா அவன் ஷாஃப்ட், மண்ணு அப்பி மண்ணு நெறமாவே இருக்கு. முன்னாடி எட்டிப் பாத்தேன், முன் ஷாஃப்ட்டும் இருக்கு. மாட்டித்தான் வச்சிருக்கான். எப்ப மாட்டுன, ஒருத்தருகிட்டயும் சொல்லலையே. விதின்னு சொல்லிக்கிட்டே போயி மாட்டியிருக்கான் பாரு. சிரிப்பு வருது, வேணாம், வேலையைப் பாரு. ரெண்டு கையாலயும் புடிச்சு முறுக்குனேன். சத்தமில்ல. இன்னொரு தடவை, காலை ஊணி, முழு பலத்தோட. ஆடல. பல்லு நல்லா இருக்கு. காஞ்சு கெடக்கு, அவ்வளவுதான், இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டிருந்தா இதுவும் போயிருக்கும். முன்னதையும் முறுக்கிப் பாத்தேன், அதுவும் கெட்டி. கிரீஸ் ஏத்துற நிப்பிள் வாயில மண்ணு அடைச்சிருக்கு, சேலையில குத்தியிருந்த ஊக்கைக் கழட்டிக் குத்தி எடுத்தேன், ஊக்கு வளைஞ்சு போச்சு. கன்னை மாட்டி அமுக்குனேன், உள்ள போகல. கையே இறங்கல. உள்ள எல்லாம் கல்லா இறுகிக் கெடக்கு. "லோகு, நேரமாகுதுல்ல" ங்கிறான், குரல்ல அதிகாரம் இல்ல, கெஞ்சுற மாதிரியும் இல்ல, என்னமோ ஒண்ணு. நாளைக்கு என் வண்டிக்கு ஆள் உண்டா இல்லையா, புதுப் பல்லு போடியில கெடைக்குமா தேனிக்குப் போகணுமா, செல்வராணி திங்கக்கிழமை என் மூஞ்சியைப் பாப்பாளா, அதெல்லாம் நாளைக்கு. மேல இருக்கவங்க இன்னைக்குக் கரடிப்பாறை ஏறி இறங்கணும். நெஞ்சு மேல கன்னோட கட்டையை ஊணிக்கிட்டு ரெண்டு கையாலயும் அமுக்குனேன், கொஞ்சம் இறங்குச்சு, இன்னும் கொஞ்சம், உள்ள எங்கயோ பொளக்குனு ஒரு சத்தம், பழைய கிரீஸ் கறுப்பா, கட்டி கட்டியா, மறுபக்கத்து ஓட்டை வழியா வெளிய தள்ளிக்கிட்டு வந்து என் கழுத்துல விழுந்துச்சு. "போதும்மா, வந்துருச்சுல்ல" ன்னான் சுருளிவேல்.

"வரலண்ணே. இன்னும் பழசுதான் வருது. நில்லுங்க."